பையன் எத்தனை கிலோ தூக்குகிறான் என்று கேட்பதற்கு முன்

குன்னூரில் வீடு என்றால் சாலையிலிருந்து மேலே ஐம்பது படி, இல்லையென்றால் கீழே ஐம்பது படி. எஸ்டேட் லைன் வீடுகளில் இன்னும் அதிகம். புத்தகப் பையோடு தினமும் ஏறி இறங்கி வளர்கிற பிள்ளைகளுக்குக் காலில் நல்ல பலம் இருக்கும். எடை தூக்கும் விளையாட்டான பவர்லிஃப்டிங் தெரிந்த ஒருவர் கண்ணில் அந்தக் கால்கள் பட்டால், ‘இவனை என்னிடம் விடுங்கள்’ என்றுதான் சொல்வார். பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு அதில் வருத்தம் இல்லை. மலையில் பிள்ளைகள் போய் விளையாட மைதானம் குறைவு. ஒரு சிறிய அறையும், எடை மாட்டித் தூக்கும் இரும்புக் கம்பியான ஒரு பாரும் இருந்தால் போதும் என்கிற விளையாட்டு இங்கே வளர்வது நல்லதுதான்.

ஆனால் சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு பையனை இன்னும் மறக்க முடியவில்லை. பதின்மூன்று வயது, கோத்தகிரிப் பக்கம். ஆறு வாரமாக இடுப்பு வலி. “நீலகிரித் தைலம் தேய்ச்சோம், சுளுக்கும் எடுத்தாச்சு மேடம், கேக்கல” என்றார் அம்மா. அப்பாவுக்கு வலியைவிட வேறொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. “நாப்பத்தாறு கிலோதான் இருக்கான் மேடம், மே மாசப் போட்டியில நூறு கிலோ டெட்லிஃப்ட் எடுத்தான்.” தரையில் கிடக்கும் பாரைத் தூக்கி நிமிர்ந்து நிற்பதுதான் டெட்லிஃப்ட். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் குறை சொல்ல மாட்டேன்.

பையனை ஒற்றைக் காலில் நின்று மெல்லப் பின்னால் சாயச் சொன்னேன். பாதி சாய்வதற்குள் மேசையைப் பிடித்துக்கொண்டான். முன்னால் குனியும்போது அவ்வளவு வலி இல்லை. எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது: இடுப்பு முதுகெலும்பின் ஐந்தாவது எலும்பில், பின்பக்க வளைவில் விரிசல். ஒரே நாளில் விழுந்து உடைந்தது இல்லை. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஓரிடத்தில் கீறல் விடுமே, அப்படி. டெட்லிஃப்டை முடிக்கும்போது தேவைக்கு மேல் பின்னால் சாய்வதும், மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் முதுகை வில்லாக வளைப்பதும் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப அழுத்துகின்றன.

ஒரு விஷயத்தை அம்மாதான் போகிற போக்கில் சொன்னார். தை மாதம் வாங்கிய பள்ளிக்கூட பேன்ட் அதற்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதாம். எனக்கு ஸ்கேனைவிட அது அதிகம் சொன்னது.

எடை தூக்கினால் பிள்ளை குள்ளமாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, சரியான மேற்பார்வையில் செய்யும் எடைப்பயிற்சி பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது, எலும்புக்கும் நல்லது என்றே சொல்கிறது. நானும் அதைத்தான் நம்புகிறேன். என் மகளே பன்னிரண்டு வயதில் பார் பிடித்தவள். எடைப்பயிற்சியும் பவர்லிஃப்டிங் போட்டியும் ஒன்று என்று நினைப்பதில்தான் சிக்கல் வருகிறது. பயிற்சியில் பிள்ளை பன்னிரண்டு முறை, பதினைந்து முறை சுலபமாகத் தூக்கக்கூடிய எடையைத் தூக்குகிறது. போட்டியில் ஸ்குவாட் (தோளில் பாரோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றுக்கும் தலா மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தடவை, முடிந்த மட்டும் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

பருவம் வருவதற்கு முன் பிள்ளைகளுக்குப் பலம் கூடுவது பெரும்பாலும் தசை பெருத்து அல்ல. இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. அதனால் முதல் சில மாதங்களில் பாரில் எடை மளமளவென்று ஏறும். பார்க்கிற நமக்குப் பிள்ளை தயாராகிவிட்டதுபோல் இருக்கும். எலும்புக்கும் தசைநாணுக்கும் அந்த வேகம் கிடையாது. நீள எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி உண்டு. உயரம் அங்கிருந்துதான் வருகிறது, வளரும் எலும்பில் பலவீனமான இடமும் அதுதான். பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயருகிறார்கள். அந்த ஒரு வருடத்தில் 8, 9 சென்டிமீட்டர்கூட ஏறும். எலும்பு முந்திக்கொள்ள, தசை பின்தங்குகிறது. தொடையின் பின்தசை இறுகி, குனிந்தால் முதுகு வளைகிறது. போன மாதம் அழகாக ஸ்குவாட் போட்ட பிள்ளை இந்த மாதம் தடுமாறும். அதைச் சோம்பல் என்று சில மாஸ்டர்கள் நினைத்து இன்னும் எடை ஏற்றுகிறார்கள். இறக்க வேண்டிய நேரம் அது.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வாசல் நிலையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே 2 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், போட்டி எடையை மறந்துவிட்டு பாரை இலேசாக்கச் சொல்லுங்கள். மாஸ்டர் கேட்கவில்லை என்றால் மாஸ்டரை மாற்றுங்கள்.

எத்தனை வயதில் போட்டிக்கு அனுப்பலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஐ.பி.எஃப். எனும் பன்னாட்டுப் பவர்லிஃப்டிங் கூட்டமைப்பில் மிக இளையவர்களுக்கான சப்-ஜூனியர் பிரிவே 14 வயது நிறைந்தால்தான். அமெரிக்காவில் 8 வயதிலிருந்தே சிறுவர் பிரிவு வைத்திருக்கும் அமைப்பும் உண்டு, எனக்கு அது உடன்பாடில்லை. பதினான்குகூடக் கணக்குக்காக வைத்த வயதுதான், உடம்பு அதைப் பார்த்து வளர்வதில்லை. வேக வளர்ச்சி அடங்கிய பிறகு போகட்டும் என்பதே என் கருத்து. தெற்கே ஊர் மந்தையில் கிடக்கும் கல்லுக்கு இளவட்டக்கல் என்று பெயர் வைத்தவர்கள் அதைச் சிறுவர்களுக்காகப் போட்டு வைக்கவில்லை. இங்கே மந்து எனும் தோடர் குடியிருப்புகளில் இருக்கும் உருண்டைக் கல்லும் கல்யாண வயது வாலிபர்கள் தூக்கிக் காட்டுவதற்குத்தான்.

வயதைக் கூட்டிச் சொல்லிப் பேர் கொடுப்பதும் நடக்கிறது. கோத்தகிரிப் பையனுக்கும் அப்படித்தான் நடந்திருந்தது.

அப்புறம் உடல் எடையைக் குறைப்பது. போட்டியில் பிரிவு உடல் எடையை வைத்துத்தான். 61 கிலோ இருக்கும் பையனை 59 கிலோ பிரிவில் இறக்குவதற்காக ஜெர்கினை மாட்டி ஓடவிட்டு, முந்தைய நாள் தண்ணீரைக் குறைத்து, காலையில் பஸ் ஏற்றுகிறார்கள். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு முறை வாந்தி. மலைக் குளிரில் தாகம் அவ்வளவாகத் தெரியாது, கீழே இறங்கியதும் வெயில். எடை பார்த்த இரண்டு மணி நேரத்தில் மூச்சை அடக்கி ஸ்குவாட் போட வேண்டும். மேடையில் கண் இருட்டிப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வளரும் பிள்ளை எந்த எடையில் இருக்கிறதோ அந்தப் பிரிவில் தூக்கட்டும், தோற்றாலும் பரவாயில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அந்த நிலையில் எடையைக் குறைக்கச் சாப்பாட்டை வெட்டினால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும்போகும். கூடவே எலும்பும் பலமிழக்கும். பாப்பாவுக்கு மூன்று மாதமாக வரவில்லை என்றால் அதை மாஸ்டரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கலாம், டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

டப்பாவில் வரும் பவுடர், ஊசி, மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தசை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டு வளர்ச்சித் தட்டுகளைச் சீக்கிரமே மூடிவிடும். எடை தூக்கினால் குள்ளமாகிவிடும் என்ற பயத்தை உண்மையாக்கக்கூடியது இதுதான்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? முதலில் துடைப்பக் கம்பு, அடுத்து இலேசான பார். ஜிம்மில் இருக்கும் பெரிய பாரே 20 கிலோ, 35 கிலோ பிள்ளைக்கு அது தொடக்க எடை அல்ல. வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. பதினைந்து முறை முதுகு கோணாமல் வந்தால் அடுத்து பத்து சதவீதத்துக்குள் கூட்டலாம். மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் பக்கம் இரும்பைத் தொட்டாலே கை விறைக்கும், அப்போது பதினைந்து நிமிடமாவது உடம்பைச் சூடாக்காமல் பாரிடம் போகக் கூடாது. பெரியவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஜிம்மில் படும் காயங்களில் நிறைய, பாரில் மாட்டும் இரும்புப் பிளேட் காலில் விழுவதாலும் விரல் நசுங்குவதாலும்தான். இடுப்பு வலி இரண்டு வாரம் தாண்டினால் தைலமும் வேண்டாம், சுளுக்கும் எடுக்க வேண்டாம், எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தப் பையன் மூன்று மாதம் பாரைத் தொடவில்லை. பிறகு தரையில் படுத்துச் செய்யும் வயிற்றுப் பயிற்சியில் தொடங்கி, கம்புக்கு வந்து, இலேசான பாருக்கு வந்தான். நூறு எடுத்தவன் இருபதில் நிற்க வேண்டியிருந்தது, இரண்டு தடவை அழுதான். இப்போது அவனுக்குப் பதினாறு. போன மாதம் அப்பாவும் மகனும் வந்திருந்தார்கள். வாசல் நிலைக் கோடுகளை அப்பா போனில் படம் எடுத்து வைத்திருந்தார். கீழே அகல அகலமாக இருந்த கோடுகள் மேலே போகப் போக நெருங்கி வந்து, கடைசி இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருந்தன. “இந்த வருஷம் பேர் குடுக்கலாமா மேடம்?” என்று கேட்டார். பையனை ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாயச் சொன்னேன். மேசையைப் பிடிக்காமல் முழுக்கச் சாய்ந்து நிமிர்ந்தான். கொடுங்கள் என்றேன்.