பரோல்: சொல்லும் பொருளும்

பிரெஞ்சு மொழியில் ‘பரோல்’ என்றால் பேச்சு. கொடுத்த வாக்கு என்றும் பொருள். ‘சொன்ன சொல் தவறாதவர்’ என்கிறோமே, அந்தச் ‘சொல்’தான் அது. இனி ஆயுதம் ஏந்துவதில்லை என்று வாக்களித்த போர்க்கைதியை விடுவிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-இல் விக்ஸ்பர்க் நகரில் சரணடைந்த ஏறத்தாழ 29,000 வீரர்கள் இப்படித்தான் பரோலில் அனுப்பப்பட்டார்கள். பின்னர் சிறைத்துறையும் இச்சொல்லை எடுத்துக்கொண்டது.

இந்தியாவில் பரோல் என்பது பெரும்பாலும் விடுப்பு. வீட்டில் திருமணமோ இறப்போ என்றால் கைதி சில நாள் வெளியே வந்து, கெடு முடிந்ததும் சிறைக்குத் திரும்புகிறார். அமெரிக்காவில் பரோல் பெற்றவர் திரும்புவதற்காக வெளியே வருவதில்லை. தண்டனையின் எஞ்சிய காலத்தைக் கண்காணிப்பின்கீழ் ஊருக்குள் கழிக்கிறார். இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் அமெரிக்கச் செய்திகளைத் தவறாகப் படித்துவிடுகிறோம்.

அந்தக் கண்காணிப்பின் முதுகெலும்பு, பரோல் அதிகாரியைச் சந்திப்பது. கலிபோர்னியாவில் சிறையிலிருந்து வந்தவர் அடுத்த வேலைநாளிலேயே அதிகாரியிடம் போய் நிற்க வேண்டும். வீட்டிலிருந்து 50 மைலுக்கு அப்பால் போவதற்கு அவருடைய அனுமதி வேண்டும். எங்கே தங்கியிருக்கிறார், எங்கே வேலை செய்கிறார் என்பதெல்லாம் அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதிகாரி முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வரலாம். போதைப்பொருள் சோதனைக்குச் சிறுநீர் கேட்கலாம்.

சந்திப்பைத் தவறவிடுவதே விதிமீறல். புதிய குற்றம் எதுவும் செய்யாமலேயே ஒருவர் மீண்டும் சிறைக்குப் போக நேரிடலாம். ‘பரோலை மீறியவர் கைது’ என்ற தலைப்பைப் பார்த்ததும் மறுபடி திருடிவிட்டார் என்று முடிவுகட்டுவது அவருக்கு இழைக்கும் அநீதி. விசாரணை நடத்தாமல் பரோலை ரத்து செய்யக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இல் மோரிசி எதிர் புரூவர் வழக்கில் தீர்ப்பளித்தது.

தமிழில் என்ன சொல்வது? இந்திய வழக்குக்குச் ‘சிறைவிடுப்பு’ கச்சிதமாகப் பொருந்துகிறது. அதையே அமெரிக்கப் பரோலுக்கும் போட்டால் பொருளே மாறிவிடும். அதற்கு ‘நிபந்தனை விடுவிப்பு’ என்பதே சரி. பரோல் அதிகாரியை ‘நன்னடத்தை அலுவலர்’ என்று எழுதுவதும் குழப்பம் தரும். இந்தியாவின் 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடப்படுபவர்களைக் கவனிப்பவருக்கு அந்தப் பெயர் வழங்குகிறது. ‘விடுவிப்புக் கண்காணிப்பு அலுவலர்’ என்பது சற்று நீளம்தான். ஆனால் அவர் செய்யும் வேலையை அது சரியாகச் சொல்கிறது. அவரிடம் போய் நிற்பதற்கு நீதிமன்றத் தமிழின் ‘முன்னிலையாதல்’ போதும்.