டிஜிட்டல் ட்வின்: பணகுடிக் காற்றாலைக்குக் கணினியில் ஒரு ஜோடி

வள்ளியூரிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: “வேலைக்கான நேர்காணலில் டிஜிட்டல் ட்வின் பற்றிக் கேட்டார்கள். திரையில் சுழலும் முப்பரிமாணப் படம்தானே அது?”

இல்லை. படமே இல்லாமலும் டிஜிட்டல் ட்வின் இருக்கலாம். அது ஒரு குறிப்பிட்ட இயந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்கும், கணினியில் ஓடும் கணித மாடல். அந்த இயந்திரத்தின் சென்சார்கள் அனுப்பும் அளவுகளால் ஓயாமல் திருத்தப்பட வேண்டும். அந்தத் தொடர்பு அறுந்தால் வெறும் சிமுலேஷன்தான், அதாவது நிஜ இயந்திரத்தோடு ஒட்டாத பாவனை ஓட்டம். 1970-இல் நிலவுக்குக் கிளம்பிய அப்பல்லோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, தரையிலிருந்த சிமுலேட்டர்களை விண்கலத்தின் அப்போதைய நிலைக்கு மாற்றிவைத்து வழி தேடினார்கள். யோசனையின் வேர் அங்கே என்பார்கள்.

சரி, பணகுடிப் பக்கம் நிற்கும் ஒரு காற்றாலைக்கு வருவோம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றுதான் அதற்குத் தீனி. இறக்கைகள் நிமிடத்துக்குச் சுமார் 15 முறைதான் சுற்றும். அதை ஜெனரேட்டருக்காக ஆயிரத்துக்கு மேல் ஏற்றிக்கொடுப்பது கியர்பாக்ஸ். அதன் எண்ணெய் 65 டிகிரி காட்டுகிறது. கோளாறா?

ஆடி மாதப் பிற்பகலில், முழுச் சுமையில் ஓடும்போது 65 இயல்பாக இருக்கலாம். காற்று மந்தமான மார்கழி விடியலில் அதே 65 வந்தால் ஏதோ சரியில்லை. 80-இல் அலறும்படி வைத்த மணிக்கு இரண்டும் ஒன்றுதான். ட்வின் வேறு மாதிரி கேட்கிறது: இந்தக் காற்றுக்கு, இந்த வெயிலுக்கு, இவ்வளவு மின்சாரத்துக்கு இந்த இயந்திரம் எத்தனை டிகிரி காட்ட வேண்டும்? விடையை, அதே இயந்திரம் நலமாக ஓடிய நாட்களின் பதிவிலிருந்து கற்றிருக்கிறது. ஒரே மாடலானாலும் பக்கத்து டவரின் குணம் வேறு. 61 வர வேண்டும், வந்தது 65, வித்தியாசம் 4. என்னைக் கேட்டால் மொத்த வித்தையும் இந்த நாலில்தான் இருக்கிறது. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். பூச்சியத்தைச் சுற்றியே ஆடினால் கவலையில்லை. வாரக்கணக்கில் மேல்பக்கமே நின்றால், மணி அடிக்கும் முன்பே ஆளை மேலே ஏற்றிப் பார்க்கலாம்: பேரிங் தேய்கிறதா, எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி அடைத்திருக்கிறதா? பழுதை முன்கூட்டியே பிடித்தால், பெரிய கிரேன் கொண்டுவரும் வேலையைக் காற்று சீசனுக்கு முன்பே முடித்துவிடலாம். அப்புறம், பேரிங்கை மாற்றினால் ட்வினும் மறுபடி கற்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய இயந்திரத்தின் நினைப்பிலேயே பொய் எச்சரிக்கை கொடுக்கும்.

அழகான படத்தைக் காட்டி இந்தப் பெயரில் விலை பேசுகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: நேற்றைய சென்சார் அளவு இதில் எதை மாற்றியது?

இன்னொரு ஆதங்கம். கயத்தாற்றில் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமே இருக்கிறது. சுற்றிலும் சுழலும் காற்றாலைகளின் பதிவுகளில் கொஞ்சத்தையாவது நெல்லைப் பொறியியல் கல்லூரிகளுக்குத் திறந்துவிடலாம். நம் பிள்ளைகள் இறுதியாண்டு பிராஜெக்டுக்கு ஐரோப்பியக் காற்றின் தரவை இறக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.