ஜிசாகே: ஊர்த்தேறல்

ஜப்பானில் பல ஊர்களில் ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகளிலேயே 'ஜிசாகே' என்று எழுதிய பலகையைப் பார்க்கலாம். 'ஜி' என்றால் நிலம், மண். நம் பேச்சில் 'எங்க மண்ணு' என்றால் சொந்த ஊர் என்று பொருள்படுகிறதே, அதே போல அங்கும் அந்தச் சொல் உள்ளூரைக் குறிக்கும். 'சாகே' மது. ஆக, அந்தந்த ஊரின் மதுச்சாலையில் உருவாகும் அரிசி மதுதான் ஜிசாகே. உச்சரிப்பில் 'ஜிஸகே' என்பதுதான் நெருக்கம். கூட்டுச்சொல்லில் இரண்டாம் சொல்லின் முதல் ஒலி மென்மையாவது ஜப்பானிய வழக்கம். தமிழில் பழகிவிட்ட 'சாகே'யையே நான் வைத்துக்கொள்கிறேன்.

இந்த 'சாகே' என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஜப்பானியருக்கு அது எல்லா மதுவுக்கும் பொதுச்சொல். பியரும் சாகேதான், விஸ்கியும் சாகேதான். நாம் சாகே என்று சொல்லும் பானத்தை அவர்கள் 'நிஹோன்ஷு', அதாவது ஜப்பான் மது என்பார்கள். அவர்களுடைய மதுவரிச் சட்டம் சொல்லும் பெயர் 'செய்ஷு'. அதற்குத் 'தெளிந்த மது' என்று பொருள். அரிசி, கோஜி என்ற பூஞ்சை வளர்த்த அரிசி, நீர் மூன்றும் சேர்ந்து நொதித்த பிறகு கட்டாயம் வடிகட்டியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். வடிகட்டாமல் கலங்கலாக விட்டால் அது 'தொபுரோகு'; செய்ஷு ஆகாது.

தமிழில் இதை 'அரிசி ஒயின்' என்று எழுதுகிறார்கள். ஒயின் பழத்தின் சர்க்கரையிலிருந்து வருவது. இங்கே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலையைக் கோஜி செய்ய வேண்டியிருக்கிறது. சிலர் 'காய்ச்சிய அரிசிச் சாராயம்' என்றும் எழுதிவிடுகிறார்கள். அது இன்னும் பெரிய பிழை. சாகே நொதித்துப் பிழிவது; காய்ச்சி வடிப்பது 'ஷோச்சு' என்ற வேறு பானம்.

நம்மிடம் இதற்குப் பழைய சொல் இருக்கிறது: தேறல். தேறு, அதாவது தெளி என்ற வினையிலிருந்து வந்தது, தெளிந்த கள். செய்ஷு என்ற பெயரில் இருக்கும் அதே 'தெளிவு' இங்கும் இருக்கிறது. வெளிநாட்டு மதுவுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா என்று தயங்கவும் வேண்டாம். புறநானூற்றின் 56ஆம் பாட்டு, 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று கப்பலில் வந்த மதுவையே அப்படித்தான் சொல்கிறது.

'தோப்பி' என்ற சொல்லும் உண்டு. நெல்லால் செய்த கள் என்று அகராதி அதற்குப் பொருள் தருகிறது. மூலப்பொருளைப் பார்த்தால் இதுதான் இன்னும் நெருக்கம். பெரும்பாணாற்றுப்படை ஒரு செய்முறையே தருகிறது: குற்றாத அரிசியைக் கூழாக்கி, வாய் அகன்ற தட்டில் ஆற்றி, முளையிட்ட நெல்லைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். கோஜி செய்யும் வேலையை இங்கே நெல்முளை செய்கிறது. ஆனால் அரிசியை எடுத்துக்கொண்டால் இரண்டும் எதிரெதிர். சாகேக்கு அரிசியைத் தீட்டிக்கொண்டே போவார்கள். 'கின்ஜோ' வகையில் 60 சதவீதமோ அதற்குக் குறைவாகவோதான் மிஞ்ச வேண்டும், 'தைகின்ஜோ'வில் 50. தவிர, தோப்பியை இன்று புலவர் தவிர யாரும் அறியார். அதனால் என் தேர்வு அரிசித்தேறல்தான்.

சரி, 'ஜி'க்கு வருவோம். இன்று பெருமையாக ஒலிக்கும் இந்த முன்னொட்டு எப்போதும் அப்படி இருக்கவில்லை. எடோ காலத்தில், அதாவது இன்றைய தோக்கியோ எடோ என்ற பெயரில் ஆட்சி மையமாக வளர்ந்தபோது, நல்ல சாகே மேற்கிலிருந்து பீப்பாய்களில் கப்பலேறி வந்தது. அதற்குக் 'குதாரிசாகே', இறங்கிவந்த மது என்று பெயர். கோபே பக்கத்து நாதா இதில் கொடிகட்டிப் பறந்தது. பிற ஊர்ச் சரக்கெல்லாம் வெறும் உள்ளூர்ச் சரக்கு. 1970களில் நீகாட்டா மாகாணத்தின் 'கோஷி நோ கன்பாய்' போன்ற, சிறு மதுச்சாலைகளின் சாகேக்களைத் தேடிப்போய்க் குடிக்கும் ஆர்வம் கிளம்பியது. அப்போதுதான் ஜிசாகே என்றாலே தனிமதிப்பு வந்தது. சிறப்பு, முதல், இரண்டாம் என்று தரம் பிரித்து வரி போட்ட முறையும் 1992இல் ஒழிந்தது.

ஊருக்கு ஊர் சுவை மாறுவதற்கு முதல் காரணம் தண்ணீர். நாதாவில் பயன்படும் நிஷினோமியாவின் 'மியாமிசு' நீர் ஜப்பானிய அளவில் கடினமானது. தாது உப்புகள் ஈஸ்ட்டுக்குத் தீனி. இரும்பு மிகக் குறைவு என்பதால் நிறமும் கெடாது. நொதிப்பு வேகமாக நடக்கும். பிழிந்த புதிதில் முரட்டுத்தனமாக இருந்து, கோடை கடந்து இலையுதிர் காலத்தில் பக்குவப்படும் சாகே இது. கியோத்தோவின் ஃபுஷிமி நீர் அதைவிட மென்மை. சாகேயும் மெத்தென்று இருக்கும். 'நாதாவின் ஆண் சாகே, ஃபுஷிமியின் பெண் சாகே' என்று ஒரு வழக்கே உண்டு. நீகாட்டாவுடையது பனி உருகிய நீர், கோஹ்யாகுமான்கோகு அரிசி, மெலிந்த, இனிப்பில்லாத சுவை.

எனக்கு மிகப் பிடித்தது ஹிரோஷிமா கதை. அங்கே நீர் மிக மென்மை என்பதால் நொதிப்பு மந்தம். அகித்சு ஊர்க்காரர் மியுரா சென்சாபுரோ, குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் முறையை வகுத்து 1898இல் அச்சிட்டே வெளியிட்டார். குறையாகத் தெரிந்த தண்ணீர் மணமிக்க சாகேக்கு வழியானது.

நீர் உள்ளூர்தான், அரிசி அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. ஹியோகோவில் விளையும் யமாதா நிஷிகி அரிசியை வாங்கிச் சாகே செய்யும் மதுச்சாலைகள் நாடெங்கும் உண்டு. மண்ணின் பெயரைச் சொல்லும் பானத்துக்கு அரிசியும் அந்த மண்ணிலேயே விளைந்தால்தான் எனக்கு நிறைவு.

ஒப்பிட்டுச் சுவைப்பதற்கு அவர்கள் சொல் 'கிகிசாகே'. 'கிகு' என்ற வினைக்குக் கேட்டல் என்றும் பொருள் உண்டு. நறுமணத்தைக் 'கேட்பது' ஜப்பானிய வழக்கு. இதற்கென்றே வெள்ளைப் பீங்கான் கோப்பை இருக்கிறது. அடியில் இரண்டு நீல வளையங்கள். வெள்ளையில் சாகேயின் மஞ்சள் சாயல் தெரியும்; நீல வளையத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் சாகே தெளிவு, மங்கினால் கலங்கல். பிறகு முகர்வார்கள். சிறிது வாயில் விட்டுக் காற்றையும் உறிஞ்சி நாக்கெல்லாம் பரப்புவார்கள். தேர்வாளர்கள் விழுங்காமல் துப்பிவிடுவார்கள். 1911இல் தொடங்கிய தேசியப் புதுச்சாகே மதிப்பீட்டிலும் சுவைத்துத்தான் தரம் பார்க்கிறார்கள். நீங்கள் ஒப்பிடுவதானால் அரிசியை ஒரே அளவுக்குத் தீட்டியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தைகின்ஜோவையும் சாதாரண வகையையும் பக்கத்தில் வைத்தால் தெரிவது அரிசி தீட்டிய அளவின் வேறுபாடு. ஊரின் வேறுபாடு அதில் மறைந்துவிடும்.

கிகிசாகேக்குத் 'தேறல் தேர்தல்' என்பேன்; தேர்தல் இங்கே ஆராய்ந்து பார்த்தல். ஜிசாகேக்கு 'நாட்டுச் சரக்கு' சரிவராது. நம் ஊரில் அது கள்ளச் சாராயத்தின் பெயர். 'வட்டாரத் தேறல்' பிழையில்லை, ஆனால் அலுவலக வாடை அடிக்கிறது. 'ஊர்த்தேறல்' சுருக்கமானது, வாயில் வருவது, ஊர்ப்பெயரோடும் இயல்பாக ஒட்டும்: நாதா ஊர்த்தேறல், நீகாட்டா ஊர்த்தேறல். முதல் தடவை மட்டும் பக்கத்தில் ஜிசாகே என்று எழுதிவிட்டால் போதும்.