முறுக்கறதுக்குன்னே செஞ்ச சேஸிஸ், முறுக்கிக்கிட்டு நின்னா எப்படி நிமித்தறது?

கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டுக்குப் பின்னாடி டாட்டா மெர்சிடிஸ் லாரி ஒண்ணு ரொம்ப வருஷமா நின்னுட்டு இருந்துச்சு, 1954-ல டாட்டாவும் டெய்ம்லர் பென்ஸும் சேந்து லாரி செய்ய ஆரம்பிச்சு 1969 வரைக்கும் ஓடுன அந்தக் கூட்டு காலத்து வண்டி, மூஞ்சில இன்னும் அந்த மூணு முனை நட்சத்திரம் இருக்கு. பச்சைத் தேயிலை மூட்டை ஏத்தி பேக்டரிக்குப் போய்ட்டு இருந்ததாம். நானும் என் மச்சானும் சேந்து அதை வாங்கி, குஞ்சப்பனை வழியா கீழ இறக்கி மேட்டுப்பாளையம் பட்டறைக்குக் கொண்டு வந்து, கேபின், பாடி, இன்ஜின் எல்லாத்தையும் கழட்டி வெறும் சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்கற அடிச்சட்டத்தை, நாலு ஸ்டாண்டு மேல வச்சா ஒரு மூலை மட்டும் உக்காரவே மாட்டேங்குது. கால் சரியில்லாத ஹோட்டல் டேபிள் மாதிரி ஆடுது.

எஸ்டேட்காரங்க சொன்ன காரணம் சுலபமா இருந்துச்சு. "இருபது வருஷமா பின்னாடி ஒரு சக்கரம் பள்ளத்துல நின்னுச்சுங்க, அப்படியே முறுக்கிக்கிச்சு." கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா இரும்பு அப்படி நடந்துக்காது. பாரத்தைத் தாங்கிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இளகி வடிவம் மாறுறது மெழுகுக்கு சரி, ஈயத்துக்குக் கூட சரி, ஸ்டீலுக்கு அது கவலைப்படற அளவுக்கு ஆகணும்னா 400 டிகிரி செல்சியஸ் கிட்ட சூடு வேணும். கோத்தகிரி குளிர்ல இருபது என்ன, நூறு வருஷம் நின்னாலும் பாரத்தை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்துடணும். அப்போ இது ஏன் வரல? இந்தக் கேள்விதான் என்னை ஒரு மாசம் பட்டறையே கதின்னு உக்கார வச்சுது.

முதல்ல லாரி சேஸிஸ் என்ன மாதிரி சாமான்னு பாக்கணும். ஏணியைப் படுக்க வச்ச மாதிரி நீளமா ரெண்டு சட்டம், குறுக்க அஞ்சாறு கிராஸ் மெம்பர். அந்த நீளச் சட்டம் குழாய் இல்லை, ஒரு பக்கம் திறந்த சேனல், 'ப' எழுத்தைப் படுக்க வச்ச மாதிரி. இந்தத் திறந்த பக்கத்துலதான் விஷயமே இருக்கு. காலண்டர் பேப்பரைச் சுருட்டிக் குழாயா ஒட்டி ரெண்டு கையிலயும் பிடிச்சு முறுக்கிப் பாருங்க, நல்லா எதிர்க்கும், அதே குழாயை நீளவாக்குல ஒரே ஒரு கோடு கிழிச்சுட்டு முறுக்குங்க, துவண்டு போய்டும். பேப்பர் ஒண்ணும் குறையல, கிழிச்ச இடத்துல ஒரு ஓரம் இன்னொரு ஓரத்தைத் தாண்டி வழுக்குது, அவ்ளோதான். நான் சும்மா கணக்குப் போட்டேன், 200 மில்லிமீட்டர் உயரம், 65 மில்லி விளிம்பு, 6 மில்லி கனம்னு ஒரு சேனலை எடுத்துக்கிட்டு, அதே தகட்டை 100-க்கு 65-னு மூடின பெட்டிக் குழாயா மடிச்சா முறுக்கைத் தாங்கற விறைப்பு நூறு மடங்குக்கு மேல கூடுது. ஆனா பாரம் தாங்கி வளையாம நிக்கறதுல உயரமான அந்தச் சேனல்தான் கெட்டி.

அப்புறம் ஏன் மூடாம விட்டாங்க? மலை ரோட்ல லாரி ஓட்டுனவங்களுக்கு இது புரியும். கொண்டை ஊசி வளைவுல உள்பக்கம் செங்குத்தா ஏறும், வெளிப்பக்கம் சாவகாசமா சுத்திப் போகும், அதாவது அந்த இடத்துல ரோடே முறுக்கிக்கிட்டுதான் கிடக்கு. முன் அச்சு ஒரு சாய்வுல, பின் அச்சு வேற சாய்வுல. ஸ்பிரிங் கட்டு பாதியை வாங்கிக்கும், மீதியை சேஸிஸ் வாங்கிக்கணும், வாங்கிக்கலைன்னா ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கிடும். ஆக சேஸிஸ் முறுக்கறது பழுது இல்லை, அதுதான் அதுக்குக் குடுத்த வேலை, வளைவு முடிஞ்சதும் தானா திரும்பிடணும். அந்த 6 மில்லி சேனலை எந்தத் தடையும் இல்லாம தனியா பிடிச்சு முறுக்கினா ஒரு மீட்டருக்கு 15 டிகிரி திருகினாலும் நிரந்தரமா எதுவும் ஆகாதுன்னு கணக்கு சொல்லுது. எங்க வண்டில மொத்த நீளத்துக்கும் சேத்தே ரெண்டரை டிகிரி கூட இல்லை! அப்போ சட்டம் முறுக்கிப் போச்சுங்கறதே தப்பு, வேற எங்கயோ ஒரு இடத்துல அது பூட்டிக்கிச்சு.

அந்த இடத்தை எங்க பட்டறை மேஸ்திரி கண்டுபிடிச்ச விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அளக்கறதுக்கு அவர் வச்சிருந்தது கொத்தனாருங்க வச்சிருக்கற தண்ணி டியூபும் நைலான் நூலும் தான். நாலு மூலையிலயும் ஒரே உயரத்துக்கு கம்பி நட்டு, மூலைக்கு மூலை குறுக்க ரெண்டு நூல் இழுத்துக் கட்டினாரு. சேஸிஸ் தட்டையா இருந்தா ரெண்டு நூலும் நடுவுல சும்மா தொட்டுக்கும். முறுக்கியிருந்தா இடைவெளி விழும், இல்லைன்னா கீழ் நூல் மேல் நூலை நெட்டும், நெட்டினா மேல கீழ மாத்திக் கட்டணும். எங்களுக்கு 18 மில்லி வந்துச்சு. ஒரு மூலை எவ்ளோ தூக்கியிருக்குன்னு தெரிய அதை ரெண்டால பெருக்கணும், ஏன்னா மூலை தூக்கினா நூலோட நடு அதுல பாதிதான் தூக்கும். 36 மில்லி. ரெண்டு நூலோட நீளமும் சமமா இருந்ததால சட்டம் முன்ன பின்ன நழுவல, வெறும் முறுக்குதான்னும் அப்பவே தெரிஞ்சுபோச்சு.

அடுத்து அதே நூலை ஒவ்வொரு கட்டத்துக்கும், அதாவது ஒரு கிராஸ் மெம்பர்ல இருந்து அடுத்த கிராஸ் மெம்பர் வரைக்கும் மட்டும் கட்டிப் பாத்தாரு. முன்னாடி மூணு கட்டமும் சேத்து 4 மில்லி. பின் ஸ்பிரிங்கோட முன் கண்ணு, அதாவது முன் முனைல இருக்கற வளையம், மாட்டற இடத்துக் கட்டத்துல மட்டும் 13. கடைசிக் கட்டத்துல 1. "நோய் இங்கதான் தம்பி இருக்கு, உடம்பு பூரா மருந்து தடவ வேண்டாம்"னாரு.

அங்க சுரண்டிப் பாத்தா ஆச்சரியம். சட்டத்தோட கீழ் விளிம்புல இருந்து கிராஸ் மெம்பருக்கு ஒரு முக்கோணத் தகட்டை யாரோ கன்னாபின்னான்னு வெல்டு அடிச்சு வச்சிருக்காங்க. ஷெட்டுல வேலை பாத்த ஒரு பெரியவருக்கு போன் போட்டுக் கேட்டா, "ஆமாங்க, அது லொட லொடன்னு ஆடுச்சு, நின்ன இடத்துலயே ஆள் கூட்டிட்டு வந்து அடிச்சோம்"ங்கறாரு. நின்ன இடத்துல, ஒரு சக்கரம் பள்ளத்துல இருக்கறப்போ! ஆக எஸ்டேட்காரங்க சொன்னது பாதி உண்மை. பள்ளம் சேஸிஸை முறுக்கினது வெறும் ஸ்பிரிங் மாதிரி, பாரத்தை எடுத்தா திரும்பியிருக்கும், ஆனா முறுக்கின நிலையிலயே தகட்டை வச்சுப் பத்த வச்சதும் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிச்சு கயிறு போட்டுக் கட்டின கணக்கா ஆயிடுச்சு.

மொதல்ல அது ஏன் ஆடுச்சுங்கறதுக்கும் மலைதான் காரணம். கிராஸ் மெம்பரைச் சட்டத்தோட பிணைச்சிருக்கறது ரிவிட் ஆணிங்க, அது தகடு ரெண்டையும் நெருக்கிப் பிடிச்சிருக்கற வரைக்கும் பாரத்துல பெரும்பங்கு தகடுங்களுக்கு நடுவுல இருக்கற உராய்வுலதான் போகும். கோத்தகிரில ஐப்பசி கார்த்திகை மழையும் பனியும் அந்த இடுக்குல எறங்கிக்கும், துரு பிடிக்கும், துருங்கறது தின்ன இரும்பை விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் எடுத்துக்கற சாமான், அது உள்ளுக்குள்ள ஆப்பு மாதிரி உக்காந்து தகட்டைப் பிளக்க, ரிவிட் இழுபட்டு பிடி விட்டுப்போச்சு. அப்புறம் தினமும் நாலு நடை, ஒவ்வொரு கொண்டை ஊசிலயும் ஒரு தரம் அந்தப் பக்கம் ஒரு தரம் இந்தப் பக்கம், ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துடுச்சு. பொதுவாவே தகட்டுல வட்டமா ஓட்டை போட்டு இழுத்தா அந்த ஓட்டை விளிம்புல மத்த இடத்தை விட மூணு மடங்கு அழுத்தம் விழும், விரிசல் அங்கதான் பொறக்கும். அதைப் பாக்க மண்ணெண்ணெய் தடவி நல்லா துடைச்சுட்டு சாக்பீஸ் பொடியைப் பூசி விட்டாரு, விரிசலுக்குள்ள போன எண்ணெய் மெதுவா கசிஞ்சு வெள்ளைப் பூச்சுல மயிர் கனத்துக்கு ஒரு கோடு காட்டும். ஒரே ஒரு இடத்துல காட்டுச்சு. கோட்டோட நுனில சின்னதா ஓட்டை போட்டு, மேல போகாம நிறுத்தி வச்சுக்கிட்டாரு.

கிரைண்டர் போட்டு அந்த வெல்டை அறுத்து முடிக்கறப்போ "டங்"னு ஒரு சத்தம், கோயில் மணி அடிச்ச மாதிரி, ஸ்டாண்டு நகந்துச்சு. நூல் கட்டிப் பாத்தா 18 இருந்தது 10. யாரும் ஜாக்கியே தொடல. பிடி விட்ட ரிவிட் ஆறையும் வெட்டி எடுத்து, இடுக்குல இருந்த துருவைச் சுரண்டினதும் 6. நிமித்தற வேலைல மூணுல ரெண்டு பங்கு கட்டை அவுக்கறதுலயே முடிஞ்சுது. இதுக்கு முன்னாடி வேற ஒரு பட்டறைல கேட்டப்போ கேஸ் வச்சு செவக்கக் காய்ச்சி சம்மட்டில நாலு போடு போட்டா சரியாயிடும்னாங்க, நல்லவேளை விடல. 600 டிகிரி கிட்ட போனா ஸ்டீல் தன்னோட பலத்துல பாதியை இழந்துடும், அப்போ இழுத்தா காய்ச்சின இடம் மட்டும் மடங்கும், பக்கத்துல பழுதான இடம் அப்படியே நிக்கும். 727 டிகிரியைத் தாண்டினா உள்ள இருக்கற படிகமே வேற மாதிரி மாறும், பேக்டரில சூடு குடுத்துப் பதப்படுத்தின சட்டமா இருந்தா அந்தப் பதம் போச்சு.

மிச்சம் இருந்த 6 மில்லி நிஜமாவே வளைஞ்சது, கிராஸ் மெம்பர் முனையிலயும் சட்டத்து விளிம்புலயும். இதுக்குத்தான் பலம். ஸ்டீலுக்கு ஒரு எல்லை உண்டு, சாதா மைல்டு ஸ்டீலை மீட்டருக்கு 1.2 மில்லி வரைக்கும் இழுத்தா ரப்பர் மாதிரி திரும்பிடும், அதைத் தாண்டின பங்கு மட்டும்தான் தங்கும். அதனால நிமித்தணும்னா வேண்டிய அளவைத் தாண்டி எதிர்ப்பக்கம் முறுக்கணும். தற்காலிகமா போல்ட் மாட்டி, மூணு மூலையை தரைல கான்கிரீட்ல புதைச்ச கர்டரோட சங்கிலி போட்டுக் கட்டி, நாலாவது மூலைக்கு 20 டன் ஜாக்கி. 40 மில்லி தூக்கி விட்டாரு, அப்படியே திரும்பிடுச்சு. 60, திரும்பிடுச்சு. 80-ல விட்டப்போ 3 மில்லி தங்குச்சு. எனக்கு அவசரம், இன்னும் 40 ஏத்துங்கன்னேன், அவர் 5 தான் ஏத்தினாரு. காரணம் அனுபவம், ஆனா அதுக்குப் பேர் இருக்கு. 1880-கள்ல ஜெர்மனில பௌஷிங்கர்னு ஒருத்தர் சோதிச்சுப் பாத்தாரு, ஒரு பக்கம் எல்லை தாண்டி வளைஞ்ச உலோகம் எதிர்ப்பக்கம் வளைக்கறப்போ எதிர்பாக்கறதுக்கு முன்னாடியே விட்டுக் குடுத்துடும். உள்ள படிக அடுக்குகள்ல இருக்கற பிசகுகள் ஒரு பக்கமா நகந்து நெரிசலா நிக்குதுங்க, திருப்பித் தள்ளினா அந்த நெரிசலே பின்னாடி தள்ளிவிடும். அதனால கணக்குப் பண்ணி ஒரே தம்ல தூக்கினா அந்தப் பக்கம் முறுக்கிக்கும். கொஞ்சம் தூக்கு, விடு, நூலைப் பாரு, திரும்பத் தூக்கு. ஒவ்வொரு தடவையும் சங்கிலி மேல ஈரச் சாக்கு போட்டு வச்சாங்க, அறுந்தா பாம்பு மாதிரி சீறிக்கிட்டு வரும், சங்கிலி நேருக்கு யாரையும் நிக்க விடல.

நூல் ஒண்ணரை மில்லிக்கு வந்தது சாயந்தரம் நாலு மணிக்கு. நான் போதும்னேன், மேஸ்திரி இப்போ அளக்காதீங்க தம்பின்னுட்டாரு. மேக்கால வெயில் ஒரு சட்டத்து மேல மட்டும் விழுந்துட்டு இருந்துச்சு, 5 மீட்டர் சட்டம் 25 டிகிரி கூட சூடானா ஒண்ணரை மில்லி நீளும், அதை வச்சுக்கிட்டு நூலை நம்ப முடியாது. காலைல ஆறரைக்கு, ஊட்டி ரயில் கூவறதுக்கு முன்னாடி, போய் அளந்தோம். 1 மில்லி. பிடிச்ச பிடியிலயே ஓட்டையை ரீமர்ங்கற சீவற கருவி போட்டு வட்டமாக்கி, ரிவிட்டுக்குப் பதிலா இறுக்கமா உக்கார்ற 8.8 போல்ட் அடிச்சு முறுக்கினாரு, அந்த முதல் 8 போல்ட்டோட இழுவை பலம் 800 மெகா பாஸ்கல்னு சொல்ற குறி. இந்தத் தடவை இடுக்குல ரெட் ஆக்சைடு பூசிட்டுதான் மாட்டினாரு, கீழ் விளிம்பு பக்கம் வெல்டிங் ராடையே கொண்டு போகல.