மூளையின் கவலை எலும்பு மஜ்ஜைக்கு எப்படித் தெரிகிறது?

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "அண்ணனுக்கு 46 வயது. சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது, பிபியும் நார்மல். போன மாதம் மாரடைப்பு வந்துவிட்டது. ரொம்ப நாள் டென்ஷன் காரணமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். மனசில் இருக்கிற டென்ஷன் நெஞ்சுக்குள் எந்த வழியாக சார் போகும்?"

'எந்த வழியாக' என்று கேட்டாரே, அது எனக்குப் பிடித்திருந்தது. கவலைப்பட்டால் இதயம் கெடும் என்று எல்லோரும் சொல்கிறோம். எப்படி என்று கேட்டால் 'பிபி ஏறும்' என்பதோடு முடித்துக்கொள்கிறோம். பிபி ஒரு வழிதான். எலும்புக்குள் புகுந்து வெளியே வரும் இன்னொரு வழியும் இருக்கிறது. அது ஓரளவு தெளிவானதே கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான்.

பள்ளியில் படித்ததை முதலில் வேகமாகத் தாண்டிவிடுவோம். ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் அட்ரினலினும் நார்அட்ரினலினும் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக் குழாய்கள் இறுகும், ரத்தத்தில் சர்க்கரை கூடும், ரத்தத் தட்டுகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். சற்றுப் பின்னால் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வரும். ஆபத்து விலகினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். கடன், வேலை பயம், வீட்டில் ஓயாத சண்டை என்று ஆபத்து விலகவே இல்லையென்றால் திரும்பாது. இதைத்தான் நாள்பட்ட மன அழுத்தம் என்கிறோம்.

சரி, ஒரே ஒரு பெரிய அதிர்ச்சி மாரடைப்பைக் கொண்டுவருமா? கொண்டுவரும். 1994 ஜனவரி 17, விடிகாலை 4.31 மணி. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். அங்கே இதய நோயால் திடீரென இறப்பவர்கள் அதற்கு முன்பு நாளொன்றுக்குச் சராசரியாக 5 பேருக்குள்தான் இருந்தார்கள். அன்று 24 பேர். பலருக்கும் நினைவில் நிற்பது இந்த எண்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த ஆறு நாட்களின் கணக்கு. அந்த நாட்களில் இறப்புகள் வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டன! அடுத்த சில நாட்களில் இறந்திருக்கக்கூடிய சிலரை அந்த விடிகாலை முன்னதாகவே கொண்டுபோய்விட்டது என்றுதான் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அவர்களுடைய இதயத் தமனிகள் ஏற்கெனவே உடையும் நிலையில் இருந்திருக்கின்றன. அதிர்ச்சி கடைசியாக வந்து தட்டிவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் தமனியை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்?

தமனிக்குள் கொழுப்பு அடைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வழி மூடிவிடுகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பல மாரடைப்புகள் அப்படி வருவதில்லை. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்டிஎல், தமனிச் சுவருக்கு உள்ளேயே போய்த் தங்குகிறது. அதை அகற்ற மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் சுவருக்குள் நுழைந்து, மேக்ரோஃபேஜ்களாக மாறி, கொழுப்பைத் தின்று உப்பி, பல அங்கேயே சாகின்றன. இந்தக் குவியலை உடம்பு ஒரு நார்த்திசு மூடியால் மூடி வைக்கிறது. மூடி கெட்டியாக இருந்தால் பிரச்சினை இல்லாமல் வருடக்கணக்கில் காலம் தள்ளலாம். ஆனால் உள்ளே இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் புரதத்தை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. அவை மூடியின் கொலாஜனைக் கரைக்கும். மூடி மெலிந்து ஒரு நாள் கிழிந்தால், அந்த இடத்தில் நிமிடங்களில் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடும். பாதிகூட அடைபடாத தமனியிலும் இது நடக்கலாம்.

ஆகவே சுவருக்குள் எத்தனை வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன என்பது பெரிய விஷயம். அவை எங்கிருந்து வருகின்றன? எலும்பு மஜ்ஜையிலிருந்து.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ரத்த அணுக்கள் எல்லாவற்றுக்கும் மூலம் மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்கள். வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற ஒரு வகை மட்டுமே நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி உற்பத்தியாகிறது. ஆனால் மூல ஸ்டெம் செல் பெரும்பாலான நேரம் தூங்குகிறது. அடிக்கடி இரண்டாகப் பிரிந்து பெருகினால் மரபணுவில் பிழைகள் சேரும் என்பதால் இந்தத் தூக்கம் உடம்புக்குத் தேவை. தூங்க வைப்பவை அதைச் சுற்றியிருக்கும் துணைச் செல்கள். அவை சிஎக்ஸ்சிஎல்12 என்ற சிறிய புரதத்தை ஓயாமல் சுரக்கின்றன. ஸ்டெம் செல் இருந்த இடத்தை விட்டு நகராமலும் பிரியாமலும் வைத்திருப்பதில் அந்தப் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தாலாட்டு என்றே சொல்லலாம். நின்றால் பிள்ளை விழித்துக்கொள்ளும்.

இப்போது இந்தச் செல்களுக்குப் பக்கத்தில் ஒரு நரம்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கற்பனைகூட வேண்டாம், நிஜமாகவே இருக்கிறது. எலும்பு உயிரற்ற சட்டம் மாதிரி தெரிந்தாலும் அதற்குள் ரத்தக் குழாய்களோடு ஒட்டியபடி நுண்ணிய பரிவு நரம்பு இழைகள் ஓடுகின்றன. ஆபத்து நேரத்தில் இதயத்தை விரட்டும் அதே நரம்பு மண்டலம்தான் இது. மூளை பதறினால் இந்த இழைகளின் நுனியில் நார்அட்ரினலின் வெளிவருகிறது. துணைச் செல்களின் மேற்பரப்பில் பீட்டா-3 என்ற ஏற்பி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததும் அந்தச் செல் சிஎக்ஸ்சிஎல்12 சுரப்பதைக் குறைத்துவிடுகிறது. தாலாட்டு நின்றது. ஸ்டெம் செல்கள் விழித்துப் பிரியத் தொடங்குகின்றன. நியூட்ரோஃபில்களும் மோனோசைட்டுகளும் கூடுதலாக ரத்தத்தில் இறங்குகின்றன.

இதைக் காட்டியது 2014-இல் பாஸ்டனில் நடந்த ஆய்வு. எலிகளுக்கு எப்படி மன அழுத்தம் கொடுப்பது? கூண்டைச் சாய்த்து வைத்தார்கள். படுக்கையை ஈரமாக்கினார்கள். சில நேரம் தனியாக விட்டார்கள், சில நேரம் நெரிசலில் அடைத்தார்கள். விளக்கை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒன்றுமே பெரிய கொடுமை இல்லை. எல்லாம் அன்றாடத் தொல்லைகள், ஆனால் அடுத்து எது வரும் என்று தெரியாத தொல்லைகள். சில வாரங்களில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடின. தமனி நோய்க்கு ஆளாகக்கூடிய மரபணு மாற்றம் கொண்ட எலிகளில், கொழுப்புப் படிவுகள் உடைந்துபோகக்கூடிய வகைக்கு மாறின. பீட்டா-3 ஏற்பியை மருந்தால் தடுத்தபோது ஸ்டெம் செல்களின் வேகம் குறைந்தது.

எலி சரி, மனிதர்? அதே ஆய்வில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் 29 இளம் மருத்துவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அந்தப் பிரிவில் ஒரு வாரம் பணியாற்றியபின் அவர்களுக்கும் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன. இதயத்துக்கு வைத்தியம் கற்றுக்கொள்ளும் இடத்திலேயே இதயத்துக்கு ஆகாத ஒன்று நடந்துகொண்டிருக்கிறது!

உடம்பு ஏன் இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது? என் ஊகம் இது: ஆதி மனிதனுக்கு ஆபத்து என்றாலே காயம். காயம் என்றால் கிருமி. கடிபடுவதற்கு முன்பே வெள்ளை அணுக்களைத் தயார் செய்துகொண்டவன் பிழைத்தான். மேலதிகாரியின் மின்னஞ்சல் யாரையும் கடிப்பதில்லை என்பது மஜ்ஜைக்குத் தெரியாது. காயம் இல்லாமல் வந்து இறங்கிய அணுக்கள், அழற்சி இருக்கும் இடத்துக்கு, அதாவது வெள்ளை அணுக்கள் ஏற்கெனவே திரண்டு போராடிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் போகும். தமனிச் சுவரில்தான் ஏற்கெனவே அது இருக்கிறதே.

2017-இல் அதே நகரத்தின் ஆய்வாளர்கள் இந்தப் பாதையை மனித உடம்பில் ஒரே ஸ்கேனில் தேடிப் பார்த்தார்கள். பெட் ஸ்கேன், எந்தத் திசு எவ்வளவு சர்க்கரையைச் செலவழிக்கிறது என்று காட்டும். 293 பேரின் ஸ்கேன்களில் மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா, எலும்பு மஜ்ஜை, தமனிச் சுவர் மூன்றையும் அளந்தார்கள். அமிக்டலா அதிகம் இயங்கியவர்களுக்கு மஜ்ஜையும் அதிகம் இயங்கியது, தமனியில் அழற்சியும் அதிகம் இருந்தது. சராசரியாக மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில் 22 பேருக்கு இதய, ரத்தக்குழாய்ப் பிரச்சினைகள் வந்தன. அமிக்டலா இயக்கம் கூடுதலாக இருந்தவர்களுக்கே வாய்ப்பு அதிகம். 22 என்பது சின்ன எண். ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவது காரணம் ஆகிவிடாது. இருந்தாலும் எலியில் பார்த்த பாதை மனிதரிலும் அதே வரிசையில் தென்படுவதைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது.

மருத்துவம் தெரிந்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். கார்டிசால் அழற்சியை அடக்கும் ஹார்மோன் ஆயிற்றே, மன அழுத்தத்தில் அதுவும் கூடுகிறதே, பிறகு ஏன் அழற்சி? நியாயமான கேள்வி. நாள்கணக்கில் கார்டிசால் சொல்லிக்கொண்டே இருந்தால் வெள்ளை அணுக்கள் அதற்குக் காது கொடுப்பதை நிறுத்திவிடுகின்றன. 2012-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 276 ஆரோக்கியமானவர்களின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தார்கள். நீண்டகால மன அழுத்தத்தில் இருந்தவர்களின் அணுக்கள் கார்டிசாலுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை. அப்படிக் கட்டுப்படாதவர்களுக்கே சளி அதிகம் பிடித்தது.

அழற்சியைக் குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்பதற்கும் நேரடியான சோதனை உண்டு. 2017-இல் முடிவு வெளியான கான்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். கானாகினுமாப் என்ற மருந்து எல்டிஎல்லைக் குறைப்பதில்லை, அழற்சியை மட்டும் குறைக்கும். 150 மில்லிகிராம் அளவில் அது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைச் சுமார் 15 சதவீதம் குறைத்தது. ஆனால் தொற்றுநோயால் இறப்பது சற்றுக் கூடியது. வெள்ளை அணுக்களைச் சும்மா அடக்கி வைக்க முடியாது, அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். மன அழுத்த ஆய்வின் தந்தை என்று புகழப்படும் ஹான்ஸ் செல்யே, 1936-இல் எலிகளை வைத்து இந்தத் துறையைத் தொடங்கியவர். பிற்காலத்தில் அவர் சிகரெட் கம்பெனிகளிடம் ஆய்வுக்குப் பணம் வாங்கினார் என்பது அந்தக் கம்பெனிகளின் ஆவணங்கள் வெளியே வந்த பிறகு தெரிந்தது. அவர்களுக்கு ஏன் இந்த அக்கறை? மாரடைப்புக்கு டென்ஷன்தான் காரணம் என்று ஆகிவிட்டால் சிகரெட் தப்பித்துவிடும். அதனால்தான் பொதுப்பணம் போதுமான அளவு ஆய்வுக்கு வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பணம் தருபவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால் கேள்வியே கோணலாகிவிடும். இன்று அதே கடையை 'அட்ரினல் சோர்வு' என்ற பெயரில் வேறு சிலர் திறந்திருக்கிறார்கள். அப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரம் இல்லை. அதற்கென்று விற்கும் மாத்திரைகளுக்கும் இல்லை.

வாசகரின் அண்ணனுக்கு வருவோம். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், வேலையிடத்தில் எப்போதும் மன அழுத்தம் என்று சொன்னவர்களுக்கு மாரடைப்புக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. மாரடைப்பு வந்தபிறகு கேட்கப்பட்ட கேள்வி என்பதால் பதிலில் கொஞ்சம் மிகை இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் ஒருவருக்கு வந்த மாரடைப்பைக் காட்டி 'இது டென்ஷனால் வந்தது' என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவருடைய எல்டிஎல் எவ்வளவு, பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளைப் பார்த்தார்களா, அப்பா வழியில் யாருக்காவது சின்ன வயதில் வந்ததா என்பதெல்லாம் இன்னும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். டென்ஷன் என்று முடித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

டென்ஷனைக் குறைக்கப் பழகுவதும் வீண் அல்ல. 2016-இல் வெளிவந்த ஆய்வில் இதய நோயாளிகள் 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். உடற்பயிற்சியோடு கூடிய வழக்கமான மறுவாழ்வுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்கு அடுத்த சில ஆண்டுகளில் மீண்டும் பிரச்சினை வந்தது. அதோடு மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சியும் பெற்றவர்களில் 18 சதவீதம். சின்ன ஆய்வுதான், பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும்.

மஜ்ஜையிலும் இதற்கு மறுபக்கம் உண்டு. 2019-இல் எலிகளின் கூண்டுக்குள் ஓடும் சக்கரம் வைத்தார்கள். விருப்பம்போல் ஆறு வாரம் ஓடிய எலிகளுக்குக் கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் ஹார்மோன் குறைந்தது. லெப்டின் குறைந்ததும் மஜ்ஜையின் துணைச் செல்கள் சிஎக்ஸ்சிஎல்12-ஐ அதிகமாகச் சுரந்தன, ஸ்டெம் செல்கள் அடங்கின, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. கிருமியை எதிர்க்கும் திறன் குறைந்ததா என்று பார்த்தார்கள், குறையவில்லை. சக்கரத்தை எடுத்த பிறகும் சில வாரங்களுக்கு இந்த மாற்றம் நீடித்தது.