ஆன்லைன் ஒயிட்போர்டில் பேனா யாரிடம் இருக்கிறது?

பல ஆன்லைன் வகுப்புகளில் ஒயிட்போர்டு கரும்பலகையின் வேலையைத்தான் செய்கிறது. ஆசிரியர் எழுதுவார், மாணவர்கள் பார்ப்பார்கள். அதற்கு மிரோ, ஃபிக்ஜாம் போன்ற ஒயிட்போர்டு செயலிகள் எதுவும் வேண்டாம். ஒரு தாளில் எழுதி கேமரா முன்னால் பிடித்தாலே போதும். இந்தப் பலகைகளின் உண்மையான பலம் வேறு: முப்பது பேர் ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் மறிக்காமல், ஒரே இடத்தில் எழுதலாம், நகர்த்தலாம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் வகுப்பில் பேனா யார் கையில் இருக்கிறது?

பின்னங்களை எடுத்துக்கொள்வோம். 0 முதல் 2 வரை ஓர் எண்கோடு வரைந்து, அது அசையாதபடி லாக் செய்யுங்கள். அதையே ஐந்து பிரதி எடுத்து, குழுவுக்கு ஒன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் மேலே 1/3, 1/4, 5/8, 7/6 என்று நான்கு கார்டுகள். "இதை அதனதன் இடத்தில் வையுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள் (ஆசிரியருக்குக் கஷ்டமான பகுதி இதுதான்). 1/4 கார்டை 1/3க்கு வலப்பக்கம் கொண்டுபோய் வைக்கும் குழு ஒன்றாவது இருக்கும். மூன்றைவிட நான்கு பெரியது அல்லவா, அந்தக் கணக்கு! பின்னம் என்றாலே ஒன்றுக்குள் இருக்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் 7/6ஐ ஒன்றுக்கு இடப்பக்கம் வைப்பார்கள். வாயால் கேட்டால் இவர்கள் எல்லோரும் "புரிஞ்சுது மிஸ்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இப்போது ஐந்து கோடுகளும் கண் முன்னால் இருக்கின்றன. எது சரி என்று சொல்லாமல், "இந்த இரண்டு குழு மட்டும் ஏன் வேறு இடத்தில் வைத்திருக்கிறது?" என்று கேட்டால் போதும். மீதிப் பாடத்தை அவர்களே நடத்துவார்கள்.

தமிழ் வகுப்பில் எனக்குப் பிடித்தது குறள் வெண்பாவைக் கலைத்துப் போடுவது. ஏழு சீர், ஏழு கார்டு. தெரியாத குறளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனப்பாடம் வந்து நிற்கும். முதலில் திணறுவார்கள். அப்புறம் ஒருவர், ஓரசையில் குட்டியாக நிற்கும் சீரைக் கடைசியில் இழுத்து வைப்பார். இன்னொருவர் இரண்டாம் எழுத்து ஒத்துவரும் இரண்டு சீர்களைப் பிடித்து, இரண்டு அடிக்கும் தொடக்கமாக வைத்துப் பார்ப்பார். ஈற்றுச் சீர் ஏன் நாள், மலர், காசு, பிறப்பு என்று முடிகிறது, எதுகை எதற்கு என்பதெல்லாம் இந்த நேரத்தில் சொன்னால் காதில் ஏறும். தேர்வுக்காகச் சூத்திரம் படிக்கும்போது ஏறாது.

அறிவியலில் உணவு வலை. படங்களை மட்டும் கொடுத்து அம்புக்குறிகளை அவர்களை வரையச் சொல்லுங்கள். வெட்டுக்கிளியிலிருந்து புல்லை நோக்கி அம்பு விடுவார்கள், தின்பது வெட்டுக்கிளி என்பதால். ஆற்றல் எந்தப் பக்கம் போகிறது என்ற பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

பெரியவர்களுக்கான பயிலரங்கில் சிக்கல் வேறு. தலைமையாசிரியர் முதலில் பேசிவிட்டால், அதன்பிறகு எல்லோருக்கும் "சார் சொன்னதுதான்". இதற்கு 1968இல் ஜெர்மனியின் பெர்ண்ட் ரோர்பாக் சொன்ன 6-3-5 முறை நன்றாக உதவுகிறது. ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளுவது, அவர் அதைப் படித்து மேலும் மூன்று சேர்ப்பது. ஆறு சுற்று முடிந்தால் அரை மணி நேரத்தில் 108 யோசனைகள். பலகையில் இது ஆறு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை, அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பத்தி தள்ளி உட்கார வேண்டும். 108இல் பாதி தேறாது, பரவாயில்லை. வழக்கமாக வாயே திறக்காதவர் எழுதியது மற்றவர்கள் கண்ணில் படுகிறது. மிரோவில் பிரைவேட் மோட் போட்டால், திறந்து காட்டும் வரை ஒருவர் ஸ்டிக்கி நோட்டில் (பலகையில் ஒட்டும் குட்டிச் சீட்டில்) எழுதுவதை மற்றவர் படிக்க முடியாது. அதையும் பயன்படுத்துங்கள்.

அடுத்து அந்த நோட்டுகளைத் தொகுப்பது. ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவகிதாவின் முறையில் முக்கியமான ஒரு விஷயம் உண்டு: முதலில் சேர்ப்பது, பிறகுதான் பெயர் வைப்பது. 'உள்கட்டமைப்பு', 'பெற்றோர் ஒத்துழைப்பு' என்று தலைப்புகளை முன்கூட்டியே எழுதிவைத்தால், போன வருட அறிக்கைதான் திரும்ப வரும். பேசாமல் நகர்த்தச் சொல்லுங்கள். ஒரே நோட்டை இரண்டு பேர் மாறி மாறி இழுத்தால், பேச வேண்டிய விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவும் லேப்டாப் கணக்கு. நம் பிள்ளைகளில் பலர் வருவது போனில், அதுவும் அம்மாவின் போனில். முடிவில்லாத பலகை என்று கம்பெனிக்காரர்கள் பெருமையாகச் சொல்வது ஐந்தரை அங்குலத் திரையில் தொல்லைதான். பிள்ளை எங்கோ ஒரு மூலைக்குப் போய், "மிஸ், வெள்ளையா இருக்கு" என்று நிற்கும். வேலையை ஒரு திரைக்குள் அடக்குங்கள், எழுத்தைப் பெரிதாக வையுங்கள், தட்டச்சு கேட்காமல் நகர்த்துவதை மட்டும் கேளுங்கள். எல்லோரும் பலகைக்குள் வந்ததும் ஸ்கிரீன் ஷேரை நிறுத்திவிட்டால் டேட்டாவும் மிச்சம். அதுவும் முடியாதவர்கள் நோட்டுப்புத்தகத்தில் எழுதிப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், நீங்கள் பலகையில் ஒட்டிவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் கிறுக்க விடுவதும் அவசியம். மீசை வரைவார்கள், வரையட்டும். யாராவது மொத்தத்தையும் அழிக்கத்தான் செய்வார்கள். அதனால் வகுப்புக்கு முன்பே பலகைக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது லிங்க். 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று வைத்து அதை ஒரு பெரிய வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. வகுப்பு முடிந்ததும் 'பார்க்க மட்டும்' என்று மாற்றுங்கள். எக்ஸ்காலிட்ரா என்ற இன்னொரு பலகையில் கணக்கு தொடங்காமலே சேர்ந்து வரையலாம், அங்கே வரைவது என்க்ரிப்ட் ஆகித்தான், அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுத்தான் போகிறது. ஆனால் அதைத் திறக்கும் சாவி லிங்கிலேயே, ஹேஷ் (#) குறிக்குப் பின்னால் இருக்கிறது. லிங்க் கிடைத்தவருக்குச் சாவியும் கிடைத்தது. பிள்ளைகளின் முழுப்பெயர், போன் எண், முகம் தெரியும் படம் எதுவும் பலகையில் வேண்டாம். வரிசை எண்ணோ ஒரு பறவையின் பெயரோ போதும்.

கடைசியாகச் சேமிப்பு. கூகுள் ஜாம்போர்டு என்ற தன் ஒயிட்போர்டை 2024 டிசம்பர் 31ஓடு நிறுத்தியது. அதையே நம்பி வருடக்கணக்கில் பாடங்களை அடுக்கி வைத்திருந்த ஆசிரியர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. மிரோவின் இலவசக் கணக்கில் ஒரே சமயத்தில் மூன்று பலகைகளைத்தான் திருத்த முடியும். அதனால் வகுப்பு முடிந்த அன்றே பிடிஎஃப் ஆகவோ படமாகவோ இறக்கி, தேதியும் பாடத்தின் பெயரும் போட்டு உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பிரதியை வகுப்புக் குழுவிலும் போட்டுவிட்டால், அன்று நெட் கிடைக்காமல் போன பிள்ளைகள் தனித்தனியாக போன் செய்து கேட்க வேண்டியிருக்காது.