சைக்கிள் ஓடிய கெண்டைக்காலும் எலிக்காய்ச்சலும்

மழை தொடங்கினால் வார்டில் ஒரே கதைதான். கொழும்பில் அலுவலக வேலை, வயது முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில், ஐந்து நாள் காய்ச்சல். கண் இரண்டும் சிவந்திருக்கும். கெண்டைக்காலைத் தொட விடமாட்டார். முந்திய நாள் மத்தியானத்திலிருந்து சிறுநீர் சரியாகப் போயிருக்காது. டெங்கு இல்லை என்று வந்த ரிப்போர்ட் கையில் இருக்கும். உடம்பு நோவுக்கு டிக்ளோஃபெனக் மூன்று நாளாகப் போட்டிருப்பார். கேட்டுக் கேட்டுக் கடைசியில்தான் வெளிவரும்: பத்து நாளுக்கு முன் நண்பர்களோடு அவிசாவளை தாண்டி, எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களுக்குள் கிறவல் சைக்கிள் ஓடியிருக்கிறார். "கால் நோவு சைக்கிள் ஓடினதால வந்தது என்று நினைச்சன் டொக்டர்."

இந்த ஒரு வசனத்தை இந்தப் பருவத்தில் போதுமான தடவை கேட்டாகிவிட்டது. அந்த நோவு சைக்கிளால் வந்ததல்ல, எலிக்காய்ச்சலால் (லெப்டோஸ்பைரோசிஸ்) வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

சைக்கிள் ஓடிய நோவுக்கு ஒரு நேர அட்டவணை உண்டு. பழக்கமில்லாத ஏற்றம் ஏறினாலோ, பள்ளத்தில் பெடலில் எழுந்து நின்று நீண்ட நேரம் இறங்கினாலோ, நோவு அடுத்த நாள் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். ஐந்தாம் நாள், மிஞ்சினால் ஏழாம் நாள், அடங்கிவிடும். பெரும்பாலும் தொடையின் முன்பக்கத்திலும் பிட்டத்திலும் இருக்கும். எழுந்து நடந்து உடம்பு சூடேறினால் குறையும். அதற்குக் காய்ச்சல் வராது. குளிர் நடுக்கம் வராது. தலை பிளக்காது. கண் சிவக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டு வந்து, செவ்வாய் புதன் நன்றாக வேலைக்குப் போய், அடுத்த வாரம் வியாழக்கிழமை திடீரென்று நடுக்கத்தோடு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், அந்த நோவுக்கும் உங்கள் பெடலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பதினொரு நாள் கழித்துப் புதிதாகத் தொடங்கும் தசை நோவு எந்த ஏற்றத்தாலும் வருவதில்லை. ஆனால் எலிக்காய்ச்சலின் கணக்கு அச்சொட்டாக அதுதான்: கிருமி உடம்புக்குள் போனதிலிருந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாள், சிலருக்கு 2 நாளிலும், சிலருக்கு 30 நாள் வரை பிந்தியும். சோதித்துப் பார்ப்பதும் எளிது. கட்டிலில் காலை நீட்டி வைத்து, கெண்டைத் தசையை விரல்களால் மெதுவாகப் பிடித்து அழுத்துங்கள். சைக்கிள் ஓடிய கால் என்றால் பிடித்துவிடுவது சுகமாக இருக்கும். எலிக்காய்ச்சல் என்றால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வீர்கள். இடுப்பும் அப்படியே நோகும். கண் சிவந்திருக்கும், ஆனால் பூளை தள்ளாது.

அடுத்த தவறு பெயராலேயே வருகிறது. எலிக்காய்ச்சல் என்றவுடன், எலியைக் கண்டால்தான் ஆபத்து, வயலில் இறங்குபவருக்குத்தான் நோய் என்று நினைத்துவிடுகிறோம். மாடு, எருமை, நாய், பன்றி எல்லாவற்றின் சிறுநீரிலும் இந்தக் கிருமி வெளியேறலாம். ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று பதிவானது, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை மாவட்டங்களில் இது வருடாவருடம் வருகிறது. கொழும்பிலிருந்து விடியப் புறப்பட்டு ஒரு நாளில் போய்வரக்கூடிய கிறவல் பாதைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: களனி கங்கைப் பள்ளத்தாக்கு, களு கங்கைப் பள்ளத்தாக்கு, இங்கிரியக் காட்டோரம், தெரணியகலை மலைச்சரிவு. வயலுக்குள் இறங்கும் வரம்புப் பாதையும், மாணிக்கம் அகழ்ந்துவிட்டு மூடாமல் விட்ட நீர்க்குழியும் அதே பாதையில்தான் இருக்கின்றன.

எங்கள் துறையிலும் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் தொழில் என்ன என்று கேட்டு, 'கணக்காளர்' என்று எழுதியவுடன் பலர் எலிக்காய்ச்சலை மனதில் வெட்டிவிடுகிறோம். கேட்க வேண்டிய கேள்வி, கடந்த மூன்று வாரத்தில் எங்கே போனீர்கள் என்பது. நாங்கள் கேட்க மறந்தால் நீங்களாகவே சொல்லுங்கள்.

சைக்கிளில் கிருமி எப்படி ஏறுகிறது? பலர் நினைப்பதுபோல் காலால் மட்டும் அல்ல. மட்காட் இல்லாத முன்சில்லு, சேற்று நீரை நேராக முகத்துக்கு வீசும். கண்ணுக்கும் வாய்க்கும் போக அது போதும். அதைவிட மோசமானது தண்ணீர்ப் போத்தல். சட்டத்தின் கீழ்க்குழாயில், முன்சில்லுக்குப் பின்னால், அதன் வாய் சேறு படும் இடத்திலேயே நிற்கிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்க அதை எடுத்துப் பல்லால் மூடியைத் திறப்பீர்கள். வாய்க்கு மேல்மூடி உள்ள போத்தலை வாங்குங்கள். இல்லாவிட்டால் போத்தலைச் சட்டையின் முதுகுப் பையில் வையுங்கள். முன்னால் ஒரு மட்காட், கண்ணுக்கு நிறமில்லாத கண்ணாடி. இவ்வளவும் ஒரு டயரின் விலைக்கு வராது.

அட்டை எலிக்காய்ச்சலைப் பரப்பாது. ஆனால் அது கடித்த இடம் மணிக்கணக்கில் இரத்தம் கசிந்து திறந்தே கிடக்கும், அதோடு சேற்றுக்குள் கால் வைக்கிறீர்கள். நீர் புகாத பிளாஸ்டரை ஒட்டிவிட்டுப் போங்கள். அன்று காலை கால் மயிர் மழித்துவிட்டுப் புறப்படுவதையும் விடுங்கள். மழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நிறைய இருக்கும்.

விழுந்த காயத்தை ஓடையில் கழுவுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பளிங்குபோல ஓடுகிற நீர் என்பதால் சுத்தமான நீர் என்று ஆகாது. மேலே தோட்டத் தொழிலாளர் லயம் இருக்கும், மாட்டுக் கொட்டில் இருக்கும். குடிக்க வைத்திருக்கும் தண்ணீரிலிருந்து அரை லீற்றராவது காயத்தில் ஊற்றி மண்ணைப் போக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரமும் குழாய் நீரும், ஐந்து நிமிடம். புதைந்த சிறு கல்லை அன்றைக்கே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தோலுக்குள் கறுப்பாக நின்றுவிடும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாகப் போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால், மண் புகுந்த காயத்துக்கு மறுபடி போட வேண்டும்.

மழை பெய்து, ஆற்றைத் தொட்டாற்போல் தாழக் கட்டிய சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போனால் திரும்பி வாருங்கள். அடித்துக்கொண்டு போகும் ஆபத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இடுப்பளவு வெள்ளத்தில் சைக்கிளைத் தோளில் வைத்துக் கடந்தவர்களைத்தான் இங்கே சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு போர்ணியோவின் சபாவில் நடந்த சாகசப் போட்டி இதற்கு நல்ல பாடம். பின்னர் விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலுக்குரிய நோய் வந்திருந்தது. அவர்கள் விவசாயிகள் அல்லர், நல்ல உடற்பயிற்சி உள்ள விளையாட்டு வீரர்கள். செகாமா ஆற்று நீரில் இறங்கியதே முக்கிய காரணம் என்று கண்டார்கள்.

தடுப்பு மாத்திரை இருக்கிறது: டொக்சிசைக்கிளின் 200 மி.கி., வாரத்துக்கு ஒரு தடவை. ஆபத்துள்ள பகுதிகளில் வயலில் இறங்குபவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் இலவசமாகக் கொடுப்பதும் இதைத்தான். சேற்றுப் பாதைக்குப் போவது முன்கூட்டியே தெரிந்தால், ஓரிரு நாள் முன்பாக உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். பார்மசியில் நீங்களாக வாங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை. சாப்பிட்ட பிறகு, ஒரு முழுக் குவளைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்கக்கூடாது. இதைப் போட்டவருக்கு வெயிலில் தோல் எளிதில் வெந்துவிடும், சைக்கிள்காரர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும், முழுக்கை போடுங்கள். மாத்திரை போட்டாலும் நோய் வரலாம். போட்டேன், ஆகவே எனக்கு வராது என்று வீட்டில் இருக்க வேண்டாம்.

வீடு வந்த பிறகும் வேலை உண்டு. சேறு பிடித்த சைக்கிளை வெறுங்காலோடு நின்று, முகத்தில் தெறிக்கத் தெறிக்கக் கழுவுகிறார்கள். கையுறை, செருப்பு, கண்ணாடி போட்டுக் கழுவுங்கள். சப்பாத்தை நன்றாகக் கழுவி வெயிலில் முறுகக் காயவிடுங்கள். காய்ந்தால் கிருமி சாகும், ஈரத்தோடு பையில் கட்டி வைத்தால் சாகாது.

காய்ச்சல் வந்துவிட்டால் பரசிட்டமோல் மட்டும். 50 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 500 மி.கி. மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். டிக்ளோஃபெனக், ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் எதுவும் வேண்டாம். எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்கும் நேரத்தில் இவையும் சேர்ந்து தாக்கும். டெங்கு என்றாலும் இரத்தப்போக்கைக் கூட்டும். இரண்டில் எது என்று தெரியாத நாட்களில் இரண்டுக்கும் இது விஷம்.

டெங்குவுக்கான என்எஸ்1 இரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று படுத்துவிடாதீர்கள். எஃப்பிசி (முழு இரத்த அணுக் கணக்கு) எடுத்துப் பாருங்கள். குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) இரண்டிலும் குறையும், அதை வைத்துப் பிரிக்க முடியாது. டெங்குவில் வெள்ளணு பெரும்பாலும் குறையும், எலிக்காய்ச்சலில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை கூடும். எலிக்காய்ச்சலுக்கான பிறபொருளெதிரி (அன்டிபொடி) பரிசோதனையில் முதல் வாரத்தில் நோய் பிடிபடாமல் போகலாம். அதன் முடிவு வரும்வரை நுண்ணுயிர்க்கொல்லியைத் தள்ளிப்போடுவதில்லை. முதல் மூன்று நான்கு நாளில் தொடங்கினால் பலருக்கு மாத்திரையோடு முடிந்துவிடும். பிந்தினால் இரத்தச் சுத்திகரிப்பு வரை போகும்.

நான்காம் ஐந்தாம் நாளில் காய்ச்சல் விட்டாலும் வேலைக்கு ஓடாதீர்கள். சிறுநீரகம், நுரையீரல், இதயம் பாதிக்கப்படுவது அந்த நேரத்தில்தான். ஒரு பழைய 750 மி.லீ. சைக்கிள் போத்தலைக் குளியலறையில் வைத்துச் சிறுநீரை அளந்து எழுதுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மி.லீ.யாவது போக வேண்டும், அதாவது ஒரு நாளில் அந்தப் போத்தல் ஏறக்குறைய நிரம்ப வேண்டும். ஆறு மணித்தியாலமாகப் போகாவிட்டால், கண் மஞ்சளித்தால், இருமலில் இரத்தம் தெரிந்தால், மூச்சு வாங்கினால், 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். ஏறியதும் முதல் வசனமாக இதைச் சொல்லுங்கள்: "இத்தனையாம் திகதி சேற்றுத் தண்ணீருக்குள் சைக்கிள் ஓடினேன்."